வண்டி இழுக்கு

எங்கள் பஸ் ஷெட்டின் அலுவலக அறையில் ஒரு சாவிப் பலகை இருந்தது. வேப்பமரப் பலகைக்கு நீல வண்ணம் அடித்து, வரிசையாக ஆணி அறைந்து, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு பஸ்ஸின் சாவியை மாட்டியிருப்போம். மற்ற கம்பெனிகளில் டிரைவர் வருவார், தன் வண்டிச் சாவியைத் தானே எடுத்துக்கொண்டு போய்விடுவார். எங்கள் மேனேஜர் அதற்கு விடமாட்டார். விடிவதற்கு முன்பே குளித்து, திருநீறு பூசி, அந்தப் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். ஒவ்வொரு சாவியையும் தன் கையால் எடுத்து, வருகிற டிரைவரின் கையில் கொடுப்பார். அப்போது அவர் கண் சாவியில் இருக்காது, வாங்குகிறவரின் முகத்தில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது வெறும் அதிகாரத் தோரணையாகத்தான் பட்டது. சாவியைக்கூட இவர் கையால்தான் தர வேண்டுமா, இவர் என்ன கோவில் பூசாரியா என்று மனசுக்குள் நொடித்துக்கொண்டேன்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், எப்போதும்வென்றான் வழியாகத் தூத்துக்குடிக்கும், இன்னொரு பக்கம் மணியாச்சிக்கும் பஸ் ஓட்டிய சின்னக் கம்பெனி அது. பி.காம் முடித்துவிட்டு நான் அங்கே டிரிப் ஷீட் எழுதப் போனேன். எந்த வண்டி, எந்த டிரைவர், எந்த கண்டக்டர், எந்த நேரம் என்று எழுதி வைப்பதுதான் வேலை. ஷெட்டில் பெண் என்றால் நான் ஒருத்திதான். மேனேஜரை எல்லோரும் அண்ணாச்சி என்றோம். கண்டக்டராகப் பை மாட்டிக்கொண்டு தொடங்கி, செக்கராகி, மேனேஜர் நாற்காலிக்கு வந்தவர். அதனால் அவர் பெரிய தத்துவக்காரராக இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டென்று கோபம் வரும். வாயில் நல்ல வார்த்தை எப்போதும் நிற்காது. ஆனால் கோபம் வந்தால் அதை ஒளித்து வைக்கமாட்டார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த காலையில், எல்லோரும் கேட்கும்படி, "எனக்கு இன்னைக்கு மண்டை சூடா இருக்கு, மத்தியானம் வரைக்கும் லீவு கீவுன்னு யாரும் எங்கிட்ட வராதிய" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். அன்று யாரும் போகமாட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும், "இப்பம் யாருக்கு என்ன வேணும், வாங்க" என்று அவரே கூப்பிடுவார். மழை வரும் வெயில் வரும் என்று ரேடியோவில் சொல்வார்களே, அப்படித் தன் மனசைப் பற்றி அறிக்கை வாசித்த ஒரே அதிகாரியை நான் அங்கேதான் பார்த்தேன்.

இனிச் சொல்லப் போகும் வழக்கத்தை அவர் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. எங்கள் டிரைவர்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார், பெரிய டிரைவர் என்போம். முறுக்கிய மீசை, அளந்து வைத்த பேச்சு. வண்டி ஓட்டும்போது வீட்டிலிருந்து போன் வந்தால்கூட எடுக்கமாட்டார். அவருடைய ஒரே மகள் தனக்குப் பிடித்தவனோடு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். விஷயம் மெயின் பஜார் முழுவதும் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் அவர் வேலைக்கு வந்தார். மீசை அப்படியே முறுக்கி இருந்தது, சட்டைப் பொத்தான் மட்டும் ஒன்று மாறி இருந்தது. அண்ணாச்சி சாவியை நீட்டினார். பெரிய டிரைவர் கையை நீட்டவில்லை. சுற்றிலும் மற்ற டிரைவர்களும் கண்டக்டர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில் மனசு சரியில்லை என்று அந்த மனிதர் எப்படிச் சொல்வார்? கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "வண்டி இழுக்கு அண்ணாச்சி" என்றார்.

நேராக ஓட்டினாலும் ஒரு பக்கமாகப் போகப் பார்க்கும் வண்டியை இழுக்கிறது என்பார்கள். அண்ணாச்சி அதை உள்ளபடியே எடுத்துக்கொண்டு, மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, அந்த பஸ்ஸில் பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்பினார். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியிருக்கிறது. இறங்கி வந்து பெரிய டிரைவரின் முகத்தைப் பார்த்தார், அந்த மாறிப்போன பொத்தானைப் பார்த்தார். "ஆமாவே, லேசா இழுக்கத்தான் செய்யி. நீரு இன்னைக்கு இங்கன இரும்" என்று மட்டும் சொன்னார். அடுத்து அதே சாவியை வேறொரு டிரைவரிடம் கொடுத்து அதே பஸ்ஸை அனுப்பிவைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய டிரைவர் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, நின்ற வண்டிகளின் முகப்பு விளக்குக் கண்ணாடிகளையெல்லாம் பொழுது சாயும்வரை துடைத்தார். அன்றைய பேட்டா அவருக்கு வழக்கம்போலக் கிடைத்தது.

அதற்குப் பிறகு அந்தச் சொல் ஷெட்டில் தானாகப் பரவியது. தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தவர், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டவர், பையன் பரீட்சையில் தவறிவிட்டு வீட்டுக்கு வராமல் சுற்றுகிறவர், யாராக இருந்தாலும் சாவியை வாங்காமல் நின்று, வண்டி இழுக்கு என்பார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சியும் கேட்கமாட்டார். மெக்கானிக் ஸ்பேனரால் முன் சக்கரத்தில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "பாத்தாச்சு" என்பார். அது ஒரு மரியாதைக்கு. மாற்று டிரைவர் ஒருவர் அதே வண்டியை எடுத்துக்கொண்டு போவார். பெரும்பாலும் பெரிய டிரைவர்தான் தன் வண்டியை மாற்று ஆளிடம் விட்டுவிட்டு முன்வந்து எடுப்பார், அது தன் கடமை மாதிரி. உண்மையாகவே இழுக்கிற வண்டி வந்தால் என்ன செய்வது? அதற்கு எங்கள் டிரைவர்கள் வேறு சொல் வைத்துக்கொண்டார்கள். வண்டி ஒதுங்குது என்பார்கள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஏற்பாடு இல்லை இது. புழக்கத்தில் அப்படி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத் தமிழில் இழுக்கு என்றால் குறை, அவமானம். எங்கள் பக்கத்துப் பேச்சில் இழுக்கிறது என்பதுதான் இழுக்கு. தன் மனசின் குறையை வண்டியின் மேல் ஏற்றிச் சொல்ல ஆண்களுக்கு ஒரு வார்த்தை கிடைத்தது, அந்த வார்த்தையை நம்ப ஓர் ஆள் கிடைத்தார்.

ஏமாற்றினவர்களும் உண்டு. புதுப்படம் வந்த அன்று ஒரு டிரைவருக்கு வண்டி இழுத்தது. அண்ணாச்சி அவரை உட்கார வைத்தார். மறுநாள் சாவியைக் கொடுக்கும்போது, "படம் எப்படிடே, இடைவேளைக்குப் பெறவு ரொம்ப இழுத்துட்டானோ?" என்று கேட்டார். ஷெட்டே சிரித்தது. அந்த டிரைவர் அதற்கப்புறம் அந்த விளையாட்டை விளையாடவில்லை. முதலாளி மட்டும் அவ்வப்போது வந்து, இது என்ன பஸ் கம்பெனியா சத்திரமா என்று கத்துவார். "மனசு கெட்டுப்போனவன் கையில அம்பது உசுரக் குடுக்க முடியாதுல்லா" என்பார் அண்ணாச்சி. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார். எனக்கும் ஒருமுறை அது தேவைப்பட்டது. நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார், பத்திரிகை அடித்த பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் டிரிப் ஷீட்டில் பேனா ஓடவில்லை. எனக்கு ஏது வண்டி? கொஞ்சம் வெட்கத்தோடு, "அண்ணாச்சி, எனக்கும் இழுக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று அவர் எழுதிய டிரிப் ஷீட்டைத் திருத்த எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இப்போது நான் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை எங்களை ஏ.சி. ஹாலில் உட்கார வைத்து வகுப்பு எடுப்பார்கள். உண்மையான தலைமை, வேலையிடத்தில் உணர்வுகளைக் கையாளுதல் என்றெல்லாம் திரையில் எழுத்து ஓடும். போன தடவை வந்த பயிற்சியாளர் கழுத்துப்பட்டை கட்டிய சின்ன வயதுக்காரர், நல்ல பிள்ளைதான். தன் உணர்வுகளை மறைக்காத, உங்கள் உணர்வுகளையும் புரிந்துகொண்ட ஒரு மேலதிகாரியைப் பற்றி யாராவது சொல்லுங்கள் என்று கேட்டார். நான் சொல்லியிருக்கலாம். இதுவரை எழுதினதைச் சொல்லி நிறுத்தியிருந்தால் ஹாலே கைதட்டியிருக்கும். நான் கையைத் தூக்கவில்லை. தொடங்கினால் கடைசிவரை சொல்ல வேண்டும். கடைசிவரை கேட்டால் அந்தப் பிள்ளை தன் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடும்.

மணியாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு டிரைவர் புதிதாகச் சேர்ந்தான். அதற்கு முன்னால் லாரி ஓட்டியவன். அமைதியான பையன், என்னை அக்கா என்பான். சேர்ந்து கொஞ்ச நாளிலேயே அவன் அப்பா இறந்துவிட்டார். காரியமெல்லாம் முடித்து, மொட்டைத் தலையோடு வேலைக்குத் திரும்பி வந்தான். இரண்டு மூன்று நாள் வண்டி ஓட்டினான். ஐப்பசி மழை அப்போதுதான் பிடித்திருந்தது. கரிசல் காடெல்லாம் ஊறி, ஷெட்டு வாசலில்கூடச் செருப்போடு மண் அப்பிக்கொண்டு வரும். அப்படி ஒரு காலையில் அண்ணாச்சி எப்போதும்வென்றான் வழித்தட வண்டியின் சாவியை நீட்டினார். அவன் வாங்காமல் நின்றான்.

"வண்டி இழுக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சியின் முகம் இளகியதை நான் பார்த்தேன். பிள்ளை இந்தச் சொல்லைச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டான், நம்மில் ஒருவன் ஆகிவிட்டான் என்பதுபோல ஒரு பார்வை. "சரிடே. நீ இங்கன இரு" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, நெசமாவே இழுக்கு."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நிஜமாகவே இழுக்கு என்று அழுத்திச் சொல்லாத ஆளே கிடையாது. அண்ணாச்சி அவன் தோளில் கை வைத்தார்.

"தெரியும்டே. எனக்குத் தெரியாதா? நெசமாத்தான் இழுக்கும். போய் உக்காரு, டீ வரும்."

மெக்கானிக் வந்து சக்கரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பாத்தாச்சு என்றார். பெரிய டிரைவர் முன்னால் வந்து, கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். அவன் மொட்டைத் தலையை லேசாகத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கல்யாணப் பேச்சு முறிந்தபோது எனக்குக் கிடைத்த அதே ஆறுதல் இந்தப் பையனுக்கும் கிடைக்கிறது என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு அழகாக இருந்தது அந்தக் காலை. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

ஒதுங்குது என்ற சொல்லை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, அதனால்தான். அவன் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்க வந்தவன், தன் வண்டி நின்ற இடம் காலியாக இருப்பதைப் பார்த்தான். என் மேஜைக்கு வந்து, "அக்கா, அந்த வண்டியவா எடுத்துட்டுப் போனாவ?" என்று கேட்டான். பின்னே, வழக்கமாக அப்படித்தானே என்றேன். "பிரேக் போட்டா இடப்பக்கமாப் பிடிச்சு இழுக்கே அக்கா. நேத்துச் சாயங்காலம் ரோட்ட விட்டே எறங்கப் பாத்துச்சு" என்றான். அண்ணாச்சி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் முகத்தில் அப்போது வந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. பெரிய டிரைவரின் போனுக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போன் எடுக்காத ஒரே டிரைவர் அவர்தான். கண்டக்டர் போனுக்கு அடித்தார், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. அண்ணாச்சி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எட்டயபுரம் ரோட்டில் போனார். ஒரு காலில் செருப்பில்லை.

எட்டயபுரம் தாண்டி ஓர் ஓடைப் பாலத்துக்குச் சற்று முன்னால் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்திருக்கிறது. பெரிய டிரைவர் பிரேக் போட்டிருக்கிறார். வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், தார் விளிம்பைத் தாண்டி, ஊறிப்போன கரிசலில் சக்கரம் இறங்கி, சறுக்கி, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முகப்போடு மோதி நின்றது. பயணிகளில் சிலருக்குக் கை போனது, சிலருக்குக் கால் போனது, ஆனால் எல்லோரும் உயிர் தப்பினார்கள். பெரிய டிரைவரை ஸ்டீரிங்கிலிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி போய்ச் சேர்ந்தபோது அவர் கிடந்த இடத்தைச் சுற்றிலும் ஆடுகள் நின்றுகொண்டிருந்தன என்று கண்டக்டர் பிறகு சொன்னார்.

துட்டிக்கு, பெரிய டிரைவரின் சாவு வீட்டுக்கு, அந்த மகள் வந்திருந்தாள். தகப்பனும் மகளும் சமாதானமாகி இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. பேரப்பிள்ளையின் படத்தை அவர் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருப்பார். வாசலில் நின்ற அண்ணாச்சியிடம் அவள் நேராக வந்தாள். அன்று அப்பாவுக்கு அந்த வழித்தடம் இல்லையே என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "யாருக்குப் பதிலா போனாவ எங்கப்பா?" என்று கேட்டாள். மணியாச்சிப் பையன் தெரு முனையில் நின்றான். மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. அவன் வீட்டுக்குள் வரவே இல்லை.

போலீஸ் விசாரணைக்கு முன்னால் முதலாளியும் வக்கீலும் அண்ணாச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். வண்டியில் கோளாறு என்று யாரும் சொல்லவில்லை, மழையில் சறுக்கியது என்று சொன்னால் போதும், அந்தப் பையனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது என்றார்கள். டிரிப் ஷீட்டைக் காட்ட வேண்டியிருந்ததால் நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. "அவன் சொன்னான் சார், வண்டி இழுக்குன்னு. நான்தான் வேற மாதிரி எடுத்துக்கிட்டேன்" என்றார். வேறு மாதிரி என்றால் என்ன மாதிரி என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அண்ணாச்சி விளக்கப் பார்த்தார். மகள் வீட்டைவிட்டுப் போன கதை, தண்ணீர்த் தொட்டி நிழல், மனசு, முகம், எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறிச் சொன்னார். ஷெட்டில் எங்களுக்கெல்லாம் சோறு மாதிரி இருந்த விஷயம், அந்த மேஜைக்கு முன்னால் பைத்தியக்காரப் பேச்சாக ஒலித்தது. இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "வண்டி இழுக்குன்னு ஒருத்தன் சொன்னா, வண்டி இழுக்குன்னுதானய்யா அர்த்தம்?" என்றார்.

மனசைப் பற்றிய அண்ணாச்சியின் பேச்சு அன்றோடு நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். பழுது தெரிந்தும் வண்டியை அனுப்பியதாக எழுதினார்கள். எழுதினதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

முதலாளி அவரை அனுப்பிவிட்டார். கத்தவில்லை, திட்டவில்லை. "உம்ம மனசுக்கு இது தொழில் இல்ல வே" என்றார். கேஸ் வருஷக்கணக்காக நடந்தது. மணியாச்சிப் பையன் திருப்பூருக்குப் போய்விட்டான். போவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "தெரியும்னு சொன்னாவ அக்கா. தெரிஞ்சவிய சொல்லும்போது நான் அதுக்கு மேல என்ன சொல்ல?" என்று கேட்டான். அவன் என்னிடம் பதில் எதிர்பார்க்கவில்லை, எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தான். புது மேனேஜர் வெளியூர்க்காரர், ஒழுங்கான மனிதர். தினமும் வண்டியைச் சோதித்தார், வாயை ஊதச் சொல்லிச் சோதித்தார், சாவியை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் அந்தச் சொல்லை அதற்குப் பிறகு ஷெட்டில் யாரும் வாயில் எடுக்கவில்லை. வண்டி உண்மையாக இழுத்தாலும் ஜாடைமாடையாக மெக்கானிக் காதில் போட்டார்கள். மனசு இழுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்கள். பெண்டாட்டியை ஆபரேஷனுக்குச் சேர்த்துவிட்டு வந்த ஒரு டிரைவர், தூத்துக்குடி போய்ச் சேரும்வரை அழுதுகொண்டே ஓட்டியதாக அவருடைய கண்டக்டர் சொன்னார். பயணிகள் ஒருவருக்கும் தெரியாதாம். அதைக் கேட்ட மாதமே நான் வேலையை விட்டேன்.

மெக்கானிக்கை ஒருமுறை ஒழுங்காகப் பார்க்கச் சொல்லியிருந்தால் போதுமே, வண்டியையும் பார்த்து மனுஷனையும் பார்த்திருக்கலாமே என்று கேட்பவர்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். சரிதான், கேட்பது சுலபம். ஆனால் அவர் வண்டியைத் திறந்து பார்க்கத் தொடங்கினால், நீ பொய் சொல்கிறாய், வண்டியில் ஒன்றும் இல்லை என்று ஒவ்வொருவரையும் எல்லோர் முன்னாலும் நிரூபித்த மாதிரி ஆகும். பார்க்காமல் நம்பியதுதான் அங்கே மருந்து. அந்த ஒரு நாள் அவர் தவறினது, மற்ற எல்லா நாளும் அவர் சரியாகச் செய்த அதே காரியத்தால்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க ஒரு வழி இருக்கும் என்று பல வருஷம் யோசித்தேன். இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் மனம் வரவில்லை.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கோவில்பட்டி போயிருந்தேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் அண்ணாச்சி இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வேட்டி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பழைய வண்டிகளின் நம்பரையெல்லாம் சொன்னார். அவர் மனைவிதான் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "நீ என்ன சொன்னாலும் வெளக்கமாச் சொல்லிரும்மா. இல்லன்னா விடமாட்டாவ" என்றார். எனக்கு விளங்கவில்லை. காபி டம்ளரோடு திரும்பி வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். ஊர்க்கதை, ஆஸ்பத்திரிக் கதை எல்லாம் பேசினோம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார்.

"அம்மா போயிட்டாவ அண்ணாச்சி" என்றேன்.

"எங்க போயிருக்காவ?"

அவர் கேட்டது எனக்குப் புரிய நேரமாயிற்று. அம்மா இறந்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. சொந்தக்காரர்களிடமும் ஆபீசிலும் அக்கம்பக்கத்திலும் போயிட்டாவ, தவறிட்டாவ, நம்மை விட்டுட்டாவ என்று எத்தனையோ விதமாகச் சொல்லியிருந்தேன். கேட்ட எல்லோருக்கும் விளங்கியிருந்தது. முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடிக்கிற இந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, கையை மடியில் கட்டிக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

"இல்ல அண்ணாச்சி. அம்மா இல்ல இப்பம்."

"இல்லன்னா, வீட்டுல இல்லையா? ஊர்ல இல்லையா? என்னன்னு சொல்லும்மா. நானா ஒண்ணு நெனச்சுக்கிடக் கூடாதுல்லா."

அடுப்படி வாசலில் நின்ற அவர் மனைவி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"செத்துப் போயிட்டாவ" என்றேன். அந்தச் சொல்லை அதுவரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு என்னால் அடக்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் எதிரிலேயே வாய்விட்டு அழுதேன். அவர் எழுந்து வரவில்லை. பயந்துபோன குரலில் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏளா, இங்க வா. இந்தப் பிள்ளைக்கு எங்கனயோ வலிக்கு போல. எங்கன வலிக்குன்னு நல்லாக் கேளு."